எங்கே என்று கேட்காத தெரு

ஈப்போ பக்கத்துச் செமோரில், தமான் குடியிருப்பு வீடொன்றில், யுகேந்திரனும் அவன் மனைவி புனிதாவும் மாலையில் ஒரு கதையாவது படித்துவிடுவார்கள். ஈப்போ பழைய புத்தகக் கடையில் வாங்கிய அறிவியல் சிறுகதைத் தொகுப்பு, அட்டையே கிடையாது. ஆங்கிலத்தில் இருப்பதை அவன் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் துணி மடிப்பாள்.

"நாவல்னா நடுவுல தப்பிச்சிரலாம்லா," என்பான். "இது பத்துப் பக்கந்தான். உள்ள கூட்டிட்டுப் போயி, கடைசி வரியில கதவச் சாத்திருவான்."

"சாத்தட்டுமே. நாளைக்கு வேற கதவு இருக்குல்ல."

பயமும் முறுக்கு மாதிரிதான், கண்ணுகளா. ஒன்றோடு நிறுத்த முடியாது.

அன்றைய கதையில் ஓர் ஊர். வானத்திலிருந்து ஏதோ கூப்பிட, ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். மிச்சமிருப்பவர்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள்.

புனிதா சிரித்தாள். "நம்ம ஆளுங்கதான் போல. வெளிய போறவங்கள எங்கன்னு கேட்டா காரியம் கெட்டுரும்னு வாய மூடிக்கிட்டு நிக்கிறாங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. எதிர்வீட்டு மாயாண்டி அண்ணன் முந்தாநாள் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு பழைய ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் நடந்து போனார். இன்னும் வரவில்லை. அவர் மனைவி வாசலில் நின்று பார்த்தாள். கேட்கவில்லை. புனிதாவும்தான் கேட்கவில்லை.

யுகேந்திரன் புத்தகத்தை மூடினான். எழுந்து தலை சீவினான். கல்யாணத்துக்குப் போடும் சட்டையை மாட்டினான். முகத்தில் ஒன்றுமே இல்லை. வெளியே மழை, தோட்டத்தில் ரப்பருக்குப் பதிலாக நட்ட செம்பனை மரங்களுக்கு மேல் ஒரு மங்கிய வெளிச்சம்.

அவளுக்கு நாக்கு எழவில்லை. அம்மா அடித்துப் பழக்கிய பழக்கம். அவன் ஒரு காலை வெளியே வைத்த பிறகுதான் குரல் வந்தது.

"எங்க போறீங்க?"

அப்படிக் கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதுவும் பழக்கம்தானே. அவன் வந்தான். உட்கார்ந்து குடித்தான். டம்ளரை வைத்துவிட்டு மறுபடி எழுந்தான்.

மறுபடி கேட்டாள். மறுபடி குடித்தான். கையைப் பிடித்துப் பார்த்தாள். அவளையும் இழுத்துக்கொண்டே நடந்தான். கேள்விக்கு மட்டும்தான் நின்றான்.

தெருவில் ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஓடிப்போய் அவர்களையும் கேட்கச் சொல்லலாம், ஆனால் அதற்குள் இவனை யார் கேட்பது?

மழை விட்டது. கேட்டுக் கேட்டு அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, கண் சொருகியது.

யுகேந்திரன் டம்ளரைக் கீழே வைத்தான். இந்தத் தடவை எழவில்லை. அவளையே பார்த்தான், ரொம்பப் பிரியமாக.

"நீ எப்ப தூங்குவ, புனிதா?"