மூன்று டிஸ்க்கில் ஒன்று

பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆறு வருஷத்து ஸ்கேன் படங்கள் மூன்று டிஸ்க்குகளில் பரவிக் கிடந்தன. ஒன்று போனால் மற்ற இரண்டை வைத்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். இரண்டு போனால் அத்தனையும் போச்சு. வேறெங்கும் நகல் கிடையாது. அந்த டிஸ்க்குகளைக் கட்டி மேய்க்கும் மென்பொருள் அனுசுயா எழுதியது.

அம்பத்தூர் எஸ்டேட் அலுவலகத்தில் அவள் திரையில் இரண்டாவது டிஸ்க் திணறுவது தெரிந்தது. டிஸ்க்கை மாற்றுவதற்காகப் புது டிஸ்க்கோடு ஆஸ்பத்திரியில் நின்றிருந்த அலுவலகப் பையன் செல்வகுமார் போனில் பறந்தான்.

"அக்கா, டாக்டரு ரெண்டு தபா வந்து கேட்டுட்டாரு. கயட்டட்டா?"

"இருடா. நான் இங்கேர்ந்து விலக்கிட்டு சொல்றேன்."

பயத்தில் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து, இரண்டாவது டிஸ்க்கை விலக்கும் கட்டளையை அடித்தாள். அதற்கே அரை நிமிஷம் ஆனது. எண்டரைத் தட்டியதும் திரை மறுத்துவிட்டது: 'நீங்கள் பார்த்த நிலை இப்போது இல்லை. மீண்டும் பாருங்கள்.'

இந்த மறுப்பும் அவள் எழுதியதுதான். ஒருவர் டிஸ்க்குகளின் நிலையைப் பார்த்துவிட்டுக் கட்டளை கொடுப்பதற்குள் வேறு ஏதாவது அந்த நிலையை மாற்றியிருந்தால், கட்டளை செல்லாது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலை. மேலாளர் ஜெயராமனுக்கு அது பிடிக்கவில்லை. அவசரத்துக்குக் குறுக்கு வழி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 'ஃபோர்ஸ்' என்று சேர்த்து அடித்தால் எந்தக் கேள்வியும் இல்லாமல் கட்டளை நடக்கும்படி, தொல்லை விட்டால் போதும் என்று அதையும் வைத்துக் கொடுத்திருந்தாள்.

இப்போது அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"இன்னாமா பாத்துகினு கீற? ரெண்டாவதுன்னு தெரிஞ்சிபோச்சு இல்ல? ஃபோர்ஸ் போடு."

அவர் சொல்லும் முன்பே அவள் விரல்கள் அந்தச் சொல்லை அடித்திருந்தன. எண்டர்தான் பாக்கி.

"ஒரே ஒரு தபா பாத்துடறேன் சார்."

அடித்ததை அழித்துவிட்டுப் பார்த்தாள். இரண்டாவது டிஸ்க் திணறிக்கொண்டே ஓடியது. செத்துப் போயிருந்தது மூன்றாவது. அவள் எழுத்தெண்ணிக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷத்தில், மென்பொருளே அதைக் கண்டுபிடித்து விலக்கியிருந்தது. இரண்டாவதையும் அவள் விலக்கியிருந்தால் மிச்சம் ஒன்றுதான்.

"டேய் செல்வா, ரெண்டாவதைத் தொடாத! மூணாவதைக் கயட்டு, மூணாவது!" என்று கத்தினாள்.

புது டிஸ்க்கில் படங்கள் ஏறி முடிய நான்கு மணி நேரம் ஆனது. அதுவரை இரண்டாவது டிஸ்க் எப்போது மண்டையைப் போடுமோ என்று அவள் சோற்றைத் தொடவில்லை. நூறு சதவீதம் என்று திரையில் வந்ததும் ஜெயராமன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த ஃபோர்ஸ நான்தான்மா கேட்டேன்."

"எழுதுனது நான் சார்" என்றாள் அனுசுயா. "நீங்க சொல்றதுக்கு முன்னாடியே அடிச்சும் வெச்சிருந்தேன்."