நடுவில் வைத்த புள்ளி

“ஒரு தெரு தள்ளி வெச்சா என்ன குறைஞ்சா போயிடும்?” என்றாள் அக்கா.

கைப்பேசியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். தெருக்கள் விரிந்தன, கூரைகள் வந்தன, கடைசியில் அவளுடைய வீட்டு மொட்டைமாடி. கொடியில் காய்ந்த துணிகூடத் தெரிந்தது. அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. தொட்டால் மூன்று வரிகள் வரும்: நச்சுக் கழிவு புதைவிடம். முலாம் பூசும் பட்டறை. நிலை: உறுதி செய்யப்படவில்லை.

“நகர்த்த முடியாதுக்கா. அது பொதுத் தகவல்.”

“பொதுத் தகவலுக்கு என் தலைதான் கிடைச்சுதா?”

வீடு பார்க்க மூன்று குடும்பங்கள் வந்து போயிருந்தன. மூவருக்கும் வீடு பிடித்தது. மூவரும் திரும்பிப் போய், நான் வேலை பார்க்கும் அலுவலகம் வெளியிட்ட நச்சுக் கழிவு வரைபடத்தைத் திறந்து பார்த்தார்கள். கடைசியாக வந்தது ஒரு பேருந்து ஓட்டுநர், மனைவியோடும் கைக்குழந்தையோடும். அவர் மட்டும்தான் வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொன்னாராம்.

அத்தான் எட்டு மாதமாக வேறு ஊரில் வேலையில் இருந்தார். இந்த வீடு கைமாறினால்தான் அங்கே ஒரு வீடு. மகளுக்கு அந்த ஊர்ப் பள்ளியில் இடம் வாங்கியாகிவிட்டது, திறக்க ஐந்து வாரம். அக்காவும் மகளும் கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே வாழ்ந்தார்கள். சீப்பு வேண்டுமென்றால்கூட எந்தப் பெட்டி என்று யோசிக்க வேண்டும்.

நான் அவளிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. அந்தப் புள்ளியை வைத்ததே நான்தான்.

ஆறு வருடத்துக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் மேசைக்கு வந்தது ஒவ்வொரு கோப்பின் முதல் தாள் மட்டும். பலவற்றில் முகவரி இருக்காது, வட்டாரத்தின் பெயர் மட்டும் இருக்கும். அப்படிப்பட்டவற்றை வட்டாரத்தின் நடுவில் வைத்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் கண்காணிப்பாளர். அந்தப் பிறகு வரவேயில்லை. ஒரு நாளைக்கு நூறு புள்ளி வைத்தேன். அவற்றில் ஒன்று விழுந்த இடத்தில்தான் மறு வருடம் அக்கா வீடு வாங்கினாள். வரைபடம் அப்போது பொதுப் பார்வைக்கு வந்திருக்கவில்லை.

மறுநாள் கண்காணிப்பாளரிடம் கேட்டேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தேக்கு, எதற்கும் அசையமாட்டார். வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் மண்ணை எடுத்துச் சோதிப்பார்கள், முடிவு வர இரண்டு வருடம் ஆகும், அதுவரை ஆரஞ்சுப் புள்ளி ‘சோதனையில்’ என்று சிவப்பாக இருக்கும் என்றார். விண்ணப்பிக்காவிட்டால்? ஆரஞ்சாகவே இருக்கும். “உங்க அக்காவுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

மூலக் கோப்பில் சரியான இடம் இருந்தால் சோதனை இல்லாமலே திருத்தலாம். அது ஒன்றுதான் வழி. கீழ்த்தளத்தின் ஆவண அறையில் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தேடினேன். ஜன்னல் இல்லாத அறை, தும்மினால் அலமாரியே தும்முவது போலிருக்கும். மூன்றாம் நாள் கோப்பு கிடைத்தது. முதல் தாளுக்குப் பின்னால், யாரும் புரட்டாத நான்காவது தாளில், பென்சிலால் ஒரு படம்.

ஓர் உயர் மின்கோபுரம். அதிலிருந்து தெற்கே நாற்பது அடியில் ஒரு வட்டம். பக்கத்தில் குண்டுகுண்டான எழுத்தில்: பயன்படாத கிணறு. குரோமியக் கழிவு, இருபத்துமூன்று பீப்பாய்கள் உள்ளே இறக்கப்பட்டு மேலே மூடப்பட்டது.

வட்டாரத்தில் மின்கோபுரம் ஒன்றுதான். அக்கா வீட்டில் தங்கும் நாட்களில் அதன் ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குவேன். கிணறும் எனக்குத் தெரியும். பின்கட்டில் வட்டமான சிமெண்ட் மேடை, மேலே ஐந்து பூந்தொட்டிகள். கண்ணை மூடிக்கொண்டு வைத்த புள்ளி சரியாக உட்கார்ந்திருந்தது. 

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்படி அக்கா காலையிலேயே சொல்லியிருந்தாள், போனேன். அக்கா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். புள்ளியை வைத்தது நான் என்பதில் தொடங்கி நான்காவது தாள்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குவளையைச் சாய்த்தபடியே நின்றாள். தொட்டி நிரம்பி வழிந்து, சிமெண்ட் விரிசலுக்குள் தண்ணீர் இறங்கியது.

“பாப்பா இது மேல உட்கார்ந்துதான் சாப்பிடுவா” என்றாள். பிறகு ஆழ்துளைக் குழாயைப் பார்த்தாள். அது மேடையிலிருந்து ஆறடிகூட இல்லை. “அஞ்சு வருஷமா அந்தத் தண்ணியத்தான்...”

“பாப்பாவை டாக்டர்கிட்ட காட்டிடலாம்க்கா.”

“காட்டணும். அப்புறம் இங்கயிருந்து போயாகணும். அஞ்சு வாரமெல்லாம் இல்ல, உடனே.” எந்தத் தாள் என்று மறுபடி கேட்டாள். அதை வேறு யாராவது பார்த்தார்களா என்றும் கேட்டாள். இல்லை என்றேன். தாள் என் பைக்குள்தான் இருந்தது.

வாசல் மணி அடித்தது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னாள், ஓட்டுநர் குடும்பத்தை அவள்தான் காலையில் திரும்பக் கூப்பிட்டாளாம், தங்கச்சி அந்த அலுவலகத்திலேயே இருக்கிறாள், அவளே வந்து விளக்குவாள் என்று.

முன்னறையில் பெட்டிகளை ஒதுக்கி இடம் பண்ணி அவர்களை உட்காரவைத்தாள். அந்தப் பெண்ணின் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குடிக்க ஏதாவது வேண்டுமா என்று அக்கா கேட்டாள். தண்ணீர் போதும் என்றார் ஓட்டுநர். அக்கா சமையலறைக்குப் போகவில்லை.

“இவதான் என் தங்கச்சி. அந்தப் புள்ளிய வெச்சதே இவதான்.” என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். அவள் விரல்கள் ஈரமாக இருந்தன. “இடம் தெரியாம சும்மா நடுவுல வெச்சதுதான் அதுன்னு நீயே இவங்ககிட்ட சொல்லு. அதுல பொய் ஒண்ணும் இல்லையே. சொல்லும்மா.”