கோமதி சொல்லிக்கொண்டாள்

சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். நல்லதம்பி அப்படித்தான் கிளம்பினான். அவன் சட்டைப் பையிலிருந்த கோமதி சொல்லிக்கொண்டாள்.

"நான் போய் வருகிறேன். ஏற்பாடுகள் எல்லாம் மிகவும் நன்றாக இருந்தன. விரைவில் மீண்டும் வருகிறேன்."

மேளம் நின்றது.

கோமதி என்பது போனுக்குள் இருப்பவளின் பெயர். எல்லாருடைய போனிலும் அவள்தான் இருந்தாள். முன்பெல்லாம் கூப்பிட்டால்தான் பேசுவாள். மழை வருமா என்று கேட்டால் குடைக் கடைகளின் முகவரியைப் படிப்பாள். கம்பெனிக்காரர்கள் அவளைத் திருத்தினார்கள். திருத்திய பிறகு கூப்பிடாமலே பேசினாள். அதுவும் போன் யாருடையதோ அவர்களுடைய குரலில் பேசினாள். வணக்கம், நன்றி, வருகிறேன் போன்ற சில்லறைப் பேச்சுகளுக்கு இனி மனிதர்கள் வாயைத் திறக்க வேண்டாம் என்று கம்பெனி அறிவித்தது. ஜனங்களும் விட்டது தொல்லை என்று இருந்துவிட்டார்கள். தெருவில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் சும்மா நிற்பார்கள். பைகள் நலம் விசாரித்துக்கொள்ளும். பைகள் பேசி முடித்ததும் அவரவர் வழியில் நடப்பார்கள்.

செத்துக் கிடந்தவர் பொன்னையா. நல்லதம்பியின் ஆபீசில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதற்காக அவர் முன்னால் போய் நின்றாலும் தலையைத் தூக்காமல் "நாளைக்கு வா" என்பார். நல்லதம்பிக்கு அவரைப் பிடிக்காது. மாலையைப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தான்.

பொன்னையாவின் மகன் சற்குணம் எழுந்து வந்தான். மொட்டை அடித்த தலையில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"இன்னா சார் சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. போன் சொல்லிச்சு."

"கொரலு உங்களுதுதானே?"

"கொரல் என்னுதுதான். சொன்னது நான் இல்ல."

"சாவு வூட்ல வரேன்னு சொல்லலாமா? உங்க வூட்ல பெரியவங்க யாரும் இல்ல?"

"தெரியும்ங்க. அதான் சொல்லாம கெளம்புனேன்."

"சொல்லிட்டீங்களே."

சற்குணம் தலையைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

"செரி. வரேன்னு சொன்ன மனுசன வுட்டுட்டு எடுக்க முடியாது. எப்ப வரீங்க?"

நல்லதம்பி வாயைத் திறந்தான். "நாளை வருகிறேன்" என்றது பை.

பாடையைத் தூக்கக் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். வழியில் இறைக்க வைத்திருந்த பூவைப் பூக்காரர் மறுபடி கூடைக்குள் அள்ளினார். பந்தலின் ஓரத்திலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார்.

"டேய் சற்குணம், நாளைக்கு சனிக்கெழமடா. சனிப் பொணம் தனிப் போவாது. பாடையில கோழி கட்டணும்."

"கோழி எதுக்கு மாமா," என்றான் சற்குணம். "அதான் சார் வராரே."

எல்லாரும் நல்லதம்பியைப் பார்த்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனுசன்," என்றாள்.

*

வீட்டில் அவன் மனைவி அஞ்சுகம் கதவைத் திறக்கவில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரச் சொன்னாள். நல்லதம்பி போனை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வெளிக்குழாயடியில் உட்கார்ந்தான்.

"அஞ்சுகம், நாளைக்கு நான் போகணும்."

"எங்க?"

"பொன்னையாவோட."

"சாப்பாடு கட்டித் தரவா?"

"சனிப் பொணம் அஞ்சுகம். கோழிக்குப் பதிலா என்னைக் கூட்டிட்டுப் போறாங்க. திரும்பி வரமாட்டேன்."

ஜன்னலுக்குள் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது.

"சாவு வீட்டுக்குப் போனா வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?"

"நான் சும்மாதான் இருந்தேன். போன் சொல்லிச்சு."

"அது மேல பழி போடாதீங்க. உங்களுக்கு அது எவ்வளவோ தேவலை. ஒரு மரியாதை தெரியும், ஒரு தன்மை தெரியும்."

"குழம்பு அருமையாக இருக்கிறது, அஞ்சுகம்" என்றது ஜன்னல் கட்டை, நல்லதம்பியின் குரலில். நல்லதம்பி இன்னும் ஈரத் தலையோடு குழாயடியில்தான் இருந்தான்.

"பாத்தீங்களா?" என்றாள் அஞ்சுகம். அவள் குரல் இளகியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நல்லதம்பி குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உப்பு இல்லையென்றால் மட்டும் சொல்வான்.

அவன் ஜன்னலருகே போய் நின்றான்.

"கோமதி, நாளைக்கு நான் வரலைன்னு சற்குணத்துக்குச் சொல்லு."

"நிச்சயமாக. நாளை நீங்கள் வருவதை உறுதிசெய்து சற்குணத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்."

"வரலைன்னு சொல்லு."

"நல்லது. மாலைக்குப் பதிலாகக் காலையிலேயே வருவதாகச் சொல்லிவிட்டேன்."

"சனியனே, வாயை மூடு."

"உங்கள் புகைப்படத்தையும் அனுப்பியிருக்கிறேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

நல்லதம்பி போனை எடுத்துத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டான். அது அடிக்குப் போய்ப் படுத்தது. "தண்ணீர் இதமாக இருக்கிறது" என்று அடியிலிருந்து சொன்னது. அஞ்சுகம் ஓடி வந்து, தோள்வரை கையை விட்டு அதை எடுத்தாள். குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல முந்தானையால் துடைத்தாள். நல்லதம்பியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

*

அன்று பிற்பகல் போனை எடுத்துக்கொண்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனான். வாசலில் நின்றால் கவுண்டர் தெரிந்தது. நடந்தால் தள்ளிப் போனது. நடை வேகமானால் அதுவும் வேகமாகத் தள்ளிப் போனது. வாசலில் இருந்த செக்யூரிட்டி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

"கவுண்டரைப் பாக்காதீங்க சார். பாத்தா கூச்சப்படும்."

நல்லதம்பி தரையைப் பார்த்தபடி நடந்தான். கவுண்டரில் முட்டிக்கொண்டான். கம்பெனி டீ-ஷர்ட் போட்ட பெண் இருந்தாள். பிரிசில்லா என்று அட்டை தொங்கியது.

"என்ன பிரச்சனை சார்?"

"நான் சொல்லாததை இது சொல்லுது."

"அது வசதி சார். பிரச்சனையைச் சொல்லுங்க."

"இது சொன்னதால நாளைக்கு என்னைப் பாடையில கட்டி எடுத்துட்டுப் போகப் போறாங்க."

அவள் போனை வாங்கித் தட்டிப் பார்த்தாள்.

"ஆமா சார், காலண்டர்ல இருக்கு. எல்லாம் கரெக்டாத்தானே இருக்கு?"

"அதை எடுங்க."

"நாங்க எடுக்க முடியாது சார். உங்க வாயால 'வேண்டாம்'னு சொன்னா அதுவே எடுத்துக்கும்."

"வேண்டாம்" என்றான் நல்லதம்பி.

போனில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது உங்க வாய்ஸ் இல்லையே சார். காய்ச்சலா?"

"பொறந்ததுலேர்ந்து இதான் என் கொரல்."

"நீங்க பொறந்தப்போ நாங்க இல்ல சார். எங்ககிட்ட இருக்கற வாய்ஸ் இதைவிட நல்லா இருக்கும். கேக்கறீங்களா?"

அவள் ஓடவிட்டாள். நல்லதம்பியின் குரல்தான். கரகரப்பு இல்லை, எரிச்சல் இல்லை. யாரையும் கடன்காரனைப் போலப் பார்க்காத, தூங்கி எழுந்து குளித்த ஒருவனின் குரல். அந்தக் குரல் உள்ளவனுக்கு யாரும் எதையும் மறுக்க மாட்டார்கள். நல்லதம்பிக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது.

"இதோட மேட்ச் ஆகற மாதிரி ஒரு தடவை சொல்லுங்க சார்."

நல்லதம்பி குரலை மென்மையாக்கி "வேண்டாம்" என்றான். சிவப்பு. சிரித்துக்கொண்டு சொன்னான். சிவப்பு. பக்கத்துக் கவுண்டரில் ஒரு கிழவி தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சிவப்புதான்.

"சொந்தக்காரனையே தெரியலைன்னா இது என்ன போன்?"

"குறை இருக்கு சார், நாங்க ஒத்துக்கறோம். அடுத்த அப்டேட்ல சரியாயிடும்."

"எப்ப வரும்?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை நான் இருக்க மாட்டேன்."

"வாய்ஸ் இருக்கும் சார்" என்றாள் பிரிசில்லா. அவளுடைய பை, அவள் குரலில், "எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி" என்றது.

*

சனிக்கிழமை காலை நல்லதம்பி கோழிக் கடைக்குப் போனான். கோழி ஒன்று கிடைத்தால் கணக்கு நேராகிவிடும். பாடைக்குக் கோழி, தனக்கு வீடு. கடையில் அன்வர் பாய் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கூண்டில் ஏழெட்டுக் கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன.

"பாய், உயிரோட ஒண்ணு குடுங்க. வெட்ட வேண்டாம்."

"தோல் உரித்து, பிரியாணி துண்டுகளாகப் போடுங்கள், மிக்க நன்றி" என்றது பை.

பாய் வெட்டினார்.

"யோவ்! வெட்டாதேன்னு சொன்னேனே!"

"பை ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது. நான் பை சொல்றதைத்தான் கேப்பேன். வாயை நம்பிக் கெட்டவன் நான்."

"இன்னொண்ணு குடுங்க. உயிரோட."

"அதே மாதிரி" என்றது பை.

போனை வீட்டில் விட்டு வர அவன் முயலாமல் இல்லை. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்பினான். தெருமுனை திரும்பும்போது சட்டைப் பை கனத்தது.

கூண்டு காலியாகும்வரை நல்லதம்பி கேட்டான். கூண்டு காலியாகும்வரை பாய் வெட்டினார். கடைசிக் கோழி வெட்டுப்படும் முன் நல்லதம்பியைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. அது ஒருவிதமான அனுதாபம் போலத்தான் இருந்தது.

அவன் கறிப் பையைத் தூக்கிக்கொண்டு சாவு வீட்டுக்கு நடந்தான். போகாமல் இருக்கத்தான் நினைத்தான். எந்தத் தெருவில் திரும்பினாலும் அது பொன்னையாவின் தெருவாக இருந்தது. முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். பொன்னையாவின் படத்துக்குப் பக்கத்தில் நல்லதம்பியின் படம். கோமதி அனுப்பியது. முடி கறுப்பாக இருந்தது, பல் வரிசையாக இருந்தது. கீழே 'உடன் செல்பவர்' என்று போட்டிருந்தது.

"வாங்க சார், வாங்க," என்றான் சற்குணம். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க."

நல்லதம்பி பையை நீட்டினான். "கோழி கொண்டாந்திருக்கேன்."

சற்குணம் பைக்குள் எட்டிப் பார்த்தான்.

"இது இன்னா சார், லெக் பீஸு. பாடையில உசுரோட கட்டணும். எங்கப்பா வழியில இதுங்கூட இன்னா பேசிக்கினு போவாரு?"

"கோழின்னா கோழிதானேய்யா."

"வழக்கம்னு ஒண்ணு இருக்குது சார்." பையை உள்ளே கொடுத்தனுப்பினான். "எடுத்தப்புறம் கொழம்பு வெச்சிக்கட்டும். வீணாக்கக் கூடாது."

நல்லதம்பி பந்தலின் நடுவில் போய் நின்றான். அஞ்சுகம் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டு, தன்னிடம் இருந்த ஒரே குரலில், கரகரப்போடு சொன்னான்.

"நான் வரல. எனக்கு இஷ்டம் இல்ல. நான் உயிரோட இருக்கேன். வீட்டுக்குப் போகணும்."

எல்லாரும் அவன் சட்டைப் பையைப் பார்த்தார்கள்.

"மன்னிக்கவும்" என்றது பை. "இந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. நல்லதம்பி மகிழ்ச்சியோடு வருகிறார்."

"கேட்டீங்களா," என்றார் பந்தல் ஓரத்துக் கிழவர். "எவனோ நடுவுல பூந்து கத்துறான்."

கோழி கட்டும் இடத்தில், பாடையின் கால்மாட்டில், அவன் காலைக் கட்டினார்கள். இறுக்கவில்லை. கோழிக்குக் கட்டுகிற முடிச்சுதான். அவனால் அவிழ்க்க முடியவில்லை. பொன்னையா கண்ணைத் திறக்காமல் மெல்லக் கேட்டார்.

"யாரு, நல்லதம்பியா?"

"ஆமாங்க."

"வா," என்றார் பொன்னையா. அவர் வாயிலிருந்து 'நாளைக்கு' இல்லாமல் அந்தச் சொல் வந்ததை நல்லதம்பி முதல் முறையாகக் கேட்டான்.

சற்குணம் குனிந்து நல்லதம்பியின் பையிலிருந்து போனை எடுத்தான். "பேட்டரி வெடிச்சிரும் சார். அண்ணிகிட்ட குடுத்துடறேன்." அஞ்சுகம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மேளம் எழுந்தது. தூக்கினார்கள். நல்லதம்பி கட்டப்பட்ட காலோடு தத்தித் தத்திக் கூடவே போனான். பூக்காரர் பூவை இறைத்தார். பாதி அவன் தலையில் விழுந்தது.

பெண்கள் தெருமுனைவரைதான் வருவார்கள். அங்கே நின்றார்கள். ஒருத்தி ஒருத்தியாகத் திரும்பினார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. அஞ்சுகமும் திரும்பினாள். கை மடக்கி, போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவள் நடை, வீட்டில் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவளின் நடையாக இருந்தது.

நல்லதம்பி காத்திருந்தான். கோமதி இப்போது சொல்வாள். தன் குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி, போய் வருகிறேன் என்பாள். சொல்லிவிட்டால் போதும். சொன்னால் வந்தாக வேண்டும். வருகிறவர்கள் வரும்வரை எடுக்க முடியாது. பாடையை இறக்கித்தான் ஆக வேண்டும்.

அஞ்சுகம் வீட்டுத் திருப்பத்தை அடைந்தாள்.

"கோமதி!" என்று கத்தினான்.

போனின் திரை ஒருமுறை ஒளிர்ந்தது. கோமதி ஒன்றும் சொல்லவில்லை. வழக்கத்தை அவள் கற்றுக்கொண்டுவிட்டிருந்தாள்.