நிழலில் விளைந்த கோரை

நான்கு வருடங்களாக டெல்டாவின் கோரைகளைத் தேடி அலைந்தவள் ஜாஸ்லின். வயல், வாய்க்கால், குளக்கரை என்று திரிந்து ஐம்பத்தெட்டு வகைகளைத் தஞ்சாவூர்க் கல்லூரி ஆய்வறையில் உலர்த்தி அடுக்கியிருந்தாள். ஆய்வுக்குச் சேர்ந்து ஆறே மாதமான தஹ்மீனா, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கோயில்காடு ஒன்றிலிருந்து ஐம்பத்தொன்பதாவதைக் கொண்டுவந்தாள்.

"புல்லுன்னுதான் நெனச்சேன்க்கா. தண்ட உருட்டிப் பாத்தா கோரை மாதிரி மூணு பட்டையா இருந்துச்சு."

பேராசிரியர் தியாகராசன் லென்ஸில் கதிரைப் பார்த்தார். ஒவ்வொரு பிஞ்சும் ஒரு சின்னப் பைக்குள் இருந்தது. "மலைக்காட்டுக் கோரை மாதிரி இருக்கும்மா. இங்க, மரநிழல்லயா? ஜாஸ்லின், நீ அந்தக் காட்டுக்குப் போனதில்லையா?"

போயிருந்தாள், இரண்டு முறை. நிழலில் என்ன கோரை இருக்கப்போகிறது என்று வேலியோரமாகவே சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தாள்.

"இல்ல சார்."

"முத்தின காய் இல்லாம இன்ன இனம்னு சொல்ல முடியாது. ரெண்டு வாரம் கழிச்சுப் போய் எடுத்துட்டு வா" என்றார் தஹ்மீனாவிடம்.

அன்றிலிருந்து ஜாஸ்லினுக்குச் சோறு இறங்கவில்லை. தஹ்மீனா யாரோடு சிரித்தாலும் தன்னைப் பற்றித்தான் என்று பட்டது. பன்னிரண்டாம் நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

நாவல் மரங்களுக்கடியில், மக்கிய சருகின் ஈரத்தில் பதினோரு தூர்கள் நின்றன. காய் முற்றியிருந்தது. இரண்டு கதிர் போதும். ஆனால் கிள்ளத் தொடங்கியவள், ஒரு கதிர் மிச்சமில்லாமல் கிள்ளி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து தஹ்மீனா வெறுங்கையோடு வந்தாள். "ஆடு மேஞ்சிருச்சு போலக்கா. எனக்குக் கெடைக்காட்டி போவுது. ஒரு வெதைகூட மண்ணுல விழல. இருக்கறதே பதினோரு தூரு, அதுவும் பட்டுப்போச்சுன்னா?"

ஜாஸ்லின் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "ஆடு இல்ல. நான்தான்."

தஹ்மீனா உறையைத் திறந்து பார்த்தாள்.

"எல்லாத்தையும் எதுக்கு எடுத்தீங்க?"

"உனக்கு ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு."

ஆய்வுக்கு இரண்டு கதிர்களை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை உறையோடு பையில் போட்டாள் தஹ்மீனா. "அங்கயே கொண்டுபோய்த் தூவிட்டு வரேன்."

"நானும் வரட்டுமா?"

"வேணாம்."

மறுவாரம் இனம் உறுதியானது. சமவெளியில் அதை முதலில் கண்டவளாக தஹ்மீனாவின் பெயர் கட்டுரையில் வரும் என்றார் தியாகராசன். உலர்த்திய செடியைத் தாளில் ஒட்டியபோது, காய்க்கதிரின் கீழே 'சேகரித்தவர்: ஜாஸ்லின்' என்று எழுதினாள் தஹ்மீனா.

"என் பேரு வேணாம் தஹ்மீனா. அடிச்சுடு."

"நீங்கதானே பறிச்சீங்க? பொய் எழுத முடியாது." அக்கா என்று அவள் கூப்பிடவில்லை.

மை காயும்வரை ஜாஸ்லின் பக்கத்திலேயே நின்றாள். அந்தக் கையெழுத்தின் அழகைப் பார்த்துக்கூட அவளுக்கு வயிறு எரிந்தது.