கலைவாணி நடக்கவைத்தவர்கள்

கலைவாணி நடக்கவைத்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. தோள்வலி, கழுத்துவலி என்று வந்தவர்கள் குணமாகி வீட்டிலேயே இருந்தார்கள். கால் அடியோடு விழுந்துபோய்க் கிடந்தவர்களை அவள் எழுப்பி நிறுத்தினால் மட்டும், அவர்கள் நடக்கத் தொடங்கி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். செஞ்சியில் அவள் பிசியோதெரபி மையம் திறந்த பதின்மூன்று வருஷத்தில் அப்படிப் போனவர்கள் ஒன்பது பேர்.

முதலில் போனவர் வல்லம் பொன்னுசாமி. பக்கவாதத்தில் இரண்டு வருஷம் கிடந்தவரை, தினமும் ஸ்கூட்டரில் போய் எட்டு மாதத்தில் எழுப்பினாள். மல்லாட்டைச் செடி பிடுங்கும் சமயத்தில் ஒருநாள் வாசல்வரை நடந்தவர் தெருமுனைக்கு நடந்தார், அங்கே திரும்பவில்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஆடுகூட ஏறாத பாறையில் அவர் கைபிடிக்காமல் செங்குத்தாக ஏறி மறுபக்கம் இறங்கியதை நூறுநாள் வேலைப் பெண்கள் பார்த்தார்கள். கடைசியாகப் போன அனந்தபுரத்துத் தைலம்மாள் ஏரித் தண்ணீர்மேல் கணுக்கால் மட்டும் நனைய நடந்து போனாள். யாரும் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. சிரித்துக்கொண்டே போனார்கள் என்பதுதான் வீட்டாருக்குப் பொறுக்கவில்லை.

தன் பிழை எங்கே என்று கலைவாணி தேடிப் பார்த்தாள். பிடித்துப் பழகும் நடைக்கம்பிகளுக்கு நடுவே திரும்பி நடக்க நூறு தடவை பழக்கினாள். கம்பிகளுக்குள் எல்லோரும் ஒழுங்காகத் திரும்பினார்கள். வெளியே போனதும் கால்கள் அதை மறந்தன. தைலம்மாளின் மகன் மையத்துக்கு வந்து ஒரு மணி நேரம் நடைக்கம்பிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அன்றோடு அவள் கால் வைத்தியத்தை விட்டாள். கட்டிலோடு தூக்கிவந்தவர்களையும் திருப்பி அனுப்பினாள்.

அந்த ஆவணியில் அவள் கணவன் எழிலரசன், பெயிண்ட் அடிக்கும்போது மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சிங்கவரத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மாமியார் சுந்தராம்பாள் சொல்லிவிட்டாள்.

"அவன் கால நீ தொடாத கலை. படுத்துனு இருந்தாலும் கண்ணெதிர்ல இருக்கட்டும். பீ மூத்திரம் நான் வாரிக்கிறேன்."

"சரி அத்தை."

மையத்தைப் பூட்டிவிட்டு ஏழு மாதம் அவள் அவனைப் புரட்டிப் படுக்கவைத்தாள், குளிப்பாட்டினாள், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டாள். தொடை இளைத்துக்கொண்டே போனது. என்ன செய்ய வேண்டும் என்று கைகளுக்குத் தெரியும். அவற்றை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாசியில் ஒருநாள் காலை அவன் வலதுகால் கட்டைவிரல் அசைந்தது. அவள் போர்வையை இழுத்து மூடினாள்.

ஒரு மாதம் கழித்து அவனே கேட்டான். "கட்டவெரலு ஆடுது இல்ல?"

"ஆடுது."

"எவ்ளோ நாளா?"

"ஒரு மாசமா."

அவன் திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "யாரார் காலையோ புடிச்சி நிறுத்துன. என்ன மட்டும் படுக்கவே வெச்சிக்கப் பாக்கறியா?"

"நீங்க போயிடுவீங்க."

"போவேன்னுதான் நெனைக்கிறேன். அதுக்காக?"

மறுநாள் காலை அவள் அவன் முழங்காலைக் கையில் எடுத்தாள். அன்றிலிருந்து சுந்தராம்பாள் அவளோடு பேசவில்லை. பயிற்சியைக் கொஞ்சம் குறைத்தால் அவன் ஊன்றுகோலோடு வீட்டிலேயே நின்றுவிடுவான் என்று கலைவாணிக்குத் தெரியும். ஒருநாள்கூடக் குறைக்கவில்லை. செய்து முடித்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் அழுதாள், முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அடுத்த பங்குனியில் அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, போனைப் பையில் வைத்தான். அவன் முழங்கையைப் பிடித்தபடி அவளும் கூடவே போனாள். கோட்டைக்குப் பக்கத்தில் அவன் வேகத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. கையை விட்டாள். கோட்டைச் சுவர் ஆள் அகலத்துக்கு விலகி, அவன் போனதும் மூடிக்கொண்டது.

அவள் வீடு திரும்பியபோது சுந்தராம்பாள் அடுப்படியில் இருந்தாள். தட்டை எடுத்து வைத்துவிட்டு, "சாப்டியா?" என்றாள். ஒரு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

வைகாசியில் மையத்தை மறுபடி திறந்தாள். கால் விழுந்தவர்களை வீட்டார் இப்போது, போய்விடுவார்கள் என்று தெரிந்து எல்லாம் பேசி முடித்தே கூட்டிவருகிறார்கள். வந்த முதல் ஆள் பாண்டுரங்கன். அவர் மனைவி மங்கை, இரண்டு வேட்டியும் புதுச் செருப்பும் வைத்த பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். அந்நேரம் எழிலரசனிடமிருந்து போன் வந்தது. நடந்துகொண்டேதான் பேசினான்.

"எங்க இருக்கீங்க?"

"தெரியல. ரெண்டு பக்கமும் பருத்தி. பேச்சு புரியல, ஆனா தண்ணி குடுக்கறாங்க."

அவள் கொஞ்ச நேரம் அவன் காலடிச் சத்தத்தையே கேட்டாள்.

"வலது கால இழுக்கறீங்க. குதிகால மொதல்ல வைங்க."

சத்தம் சீரானது. அவள் போனை வைத்துவிட்டுப் பாண்டுரங்கனின் பாதத்தைக் கையில் எடுத்தாள்.