நீல யேலா, வெள்ளை யேலா

கல்லறையில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ள அது போதாதா?

கொலோச்செப் தீவில் அந்தக் குடும்பத்துக்கென்று ஆறு பேர் படுக்கக்கூடிய ஒரு கல்லறை உண்டு. அம்மா யேலா ஐந்தாவதாகப் போய்ப் படுத்தாள். மூடியைச் சாத்துவதற்குள்ளேயே, அம்மாவுக்குப் பக்கத்து இடம் யாருக்கு என்று மூத்தவர் ஸ்தியேபோவும் இளையவர் மாரோவும் ஆரம்பித்துவிட்டார்கள். "யார் முதல்ல சாகுறீங்களோ அவங்களுக்கு" என்று பாதிரியார் சொல்லிப் பார்த்தார். நியாயமான தீர்ப்புதான். ஆனால் அந்தப் போட்டியில் ஜெயிக்க இருவருக்குமே அவசரம் இல்லை. ஆகவே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகிறது. முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றவன் என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம்.

அந்தக் கரையோரத்து ஆட்களுக்கு உப்பு எவ்வளவோ வீம்பும் அவ்வளவு. வீம்புக்காகச் சொந்த வீட்டு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தவன் அங்கே இருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் அந்த ஜன்னல் வழியாக இவனைப் பார்த்துச் சிரித்தானாம். இருட்டில் உட்கார்ந்துகொண்டு, "எப்படி?" என்று பெருமை வேறு.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பிழைப்பு. துப்ரோவ்னிக் துறைமுகத்தில் காலையில் பயணிகளை ஏற்றி, மூன்று தீவைச் சுற்றிக் காட்டி, நடுவில் மீன் சுட்டுப் போட்டு, சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவது. இரண்டு படகுக்கும் அம்மாவின் பெயர்தான். துறைமுகத்தில், "யேலா ஒன்று, யேலா இரண்டுன்னு எழுதிக்கலாமே" என்று யோசனை சொன்னார்கள். யார் இரண்டு என்று கேட்டதும் அந்த யோசனை செத்தது. ஊரில் நீல யேலா, வெள்ளை யேலா என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். நீலம் அண்ணனுடையது.

நீல யேலாவில் வழிகாட்டி தேஷா, ஸ்தியேபோவின் ஒரே மகள். மூன்று மொழியில் வாய் ஓயாமல் பேசுவாள். வரும் சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். மாரோ அவளுக்குச் சித்தப்பா மட்டுமல்ல, ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தந்தையும் அவர்தான். சைக்கிள் கற்றுக்கொடுத்தவர், நீச்சல் கற்றுக்கொடுத்தவர், அப்பாவுக்குத் தெரியாமல் முதல் ராக்கியா சாராயத்தை ஊற்றிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் இல்லாமல் என்ன கல்யாணம்? அழைப்பிதழை எடுத்துக்கொண்டு போனாள்.

"காகிதம் எல்லாம் வேண்டாம்டா கண்ணு," என்றார் மாரோ. "பொண்ணோட அப்பன் வாயால கூப்பிடணும். அதுதான் முறை. உங்கப்பன் கூப்பிடட்டும், முதல் ஆளா வந்து நிக்கிறேன்."

அப்பாவிடம் வந்து சொன்னாள். "நான் அவன்கிட்டப் பேசணுமா? அதுக்கு மீன்கிட்டப் பேசுவேன்," என்றார் ஸ்தியேபோ. அழுதும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். ஒன்றும் நகரவில்லை. புதன்கிழமையும் வந்துவிட்டது, இன்னும் மூன்று நாள்தான்.

அந்தப் புதன்கிழமையும் நாற்பத்து மூன்று பயணிகள். ஏறும்போதே ஆளுக்கொரு கோப்பை ராக்கியா, லோபுது தீவில் குளியல், ஷிபான் தீவில் மீன். சமையல்காரர் பாலோ முப்பது வருஷமாக அதே ஐலை மீனை அதே அளவுக்குக் கருக்கி வருகிறவர். "கருகினாத்தான் வாசனை" என்பார். பயணிகளும் ராக்கியா தயவில் நம்பிவிடுவார்கள். எல்லாம் முடிந்து திரும்பும் வழியில், லோபுதுக்கும் கொலோச்செப்புக்கும் நடுவே, எஞ்சின் இரண்டு தடவை இருமி, வெள்ளையாகப் புகைவிட்டு, நின்றது.

ஸ்தியேபோ மூடியைத் திறந்து பார்த்தார். பார்க்காமலே தேஷாவுக்குத் தெரியும். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் இழுக்கும் பம்புக்குள் ஒரு ரப்பர் சக்கரம் இருக்கிறது, உள்ளங்கை அகலம். அது தேய்ந்துபோய் ஒரு மாதமாகிறது. துறைமுகத்திலேயே ஒரு கடையில் கிடைக்கும். ஆனால் அந்தக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருப்பது மாரோவின் பெண்டாட்டி பெரா. அவள் கையால் சாமான் வாங்குவதா? ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து தபாலில் வரவழைத்தார் மனுஷர். அது இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

"சக்கரம் பல்லெல்லாம் போயிடுச்சு," என்றார் ஸ்தியேபோ, யாரோ வேண்டாதவர் செத்த செய்தியைச் சொல்வதுபோல.

"சித்தி கடை நம்ம படகு கட்டுற இடத்துலேர்ந்து இருபது அடிப்பா!"

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? நாற்பத்து மூணு பேரை நடுக்கடல்ல வச்சுக்கிட்டு நிக்கிறோம்."

அலை குறுக்கே அடித்துப் படகு தாலாட்ட ஆரம்பித்தது. ஒரு ஜெர்மன் அம்மாள் முகம் பச்சையாகிப் பக்கத்து மனுஷரின் தொப்பியை வாங்கி அதில் வாந்தி எடுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்து சேர்ந்தது வெள்ளை யேலா.

உடனே நிறுத்திவிட்டால் அது மாரோ இல்லையே. வேகத்தைக் குறைத்து, நீல யேலாவை ஒரு சுற்று சுற்றினார். கோயிலா, பிரதட்சணமா? இன்னொரு சுற்றும் சுற்றினார். அவருடைய பயணிகள் குஷியாகக் கையை ஆட்ட, இவர்களும் பதிலுக்கு ஆட்டினார்கள். பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது.

"தேஷாம்மா, உன் படகுல பெரிய மனுஷங்க யாராவது இருந்தாக் கேட்டுச் சொல்லு, கயிறு கியிறு வேணுமான்னு."

ஸ்தியேபோ சுக்கானைப் பிடித்தபடி அடிவானத்தை முறைத்தார். "அந்த வெள்ளைப் படகுக்காரன்கிட்டச் சொல்லு, நாங்க இளைப்பாறிக்கிட்டு இருக்கோம்னு."

"இளைப்பாறுறீங்களா? அந்த அம்மா குடலே வெளியில வந்துரும்போல இருக்கு!" தேஷா ஒலிவாங்கியைப் பிடித்தாள். "சித்தப்பா, கயிறை வீசுங்க!"

"நான் வேணும்னு சொல்லலை!" என்று கத்தினார் ஸ்தியேபோ.

"நான் சொன்னேன். பாலோ அண்ணே, கட்டுங்க."

பாலோ கயிற்றைப் பிடித்து முன்முனையில் கட்டினார். "கேப்டன், நான் கட்டலை, கயிறு தானா வந்து மாட்டிக்கிச்சு," என்றார். பிழைக்கத் தெரிந்த ஆள்.

வெள்ளை இழுக்க, நீலம் பின்னால் போனது. ஐந்து நிமிஷம் நிம்மதி. பிறகு மாரோவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தேஷாம்மா, உங்கப்பன்கிட்டச் சொல்லு, அந்த ரப்பர் சக்கரம் நம்ம கடை அலமாரியில மூணு இருக்கு. கேட்டிருந்தா உன் சித்தி சும்மாவே குடுத்திருப்பா."

"அந்தக் கடையில ஓசியில வாங்குறதுக்கு நான் நீந்தியே போவேன்னு சொல்லு."

"நீந்தச் சொல்லு, கயிறு எனக்கு மிச்சம்."

"கயிறு யாருதுன்னு கேளு. எங்கப்பா விட்டுட்டுப் போன கயிறு அது. அதையும் அமுக்கிட்டான்."

"உயிரோட இருக்கறப்ப கயிறு, செத்தா கல்லறை, எல்லாமே அவருக்கே வேணுமாம்னு சொல்லு!"

"அவ்வளவு அவசரம்னா இன்னைக்கே போய்ப் படுத்துக்கச் சொல்லு! நான் வந்து மூடியைச் சாத்துறேன்!"

இத்தனைக்கும் நடுவே முப்பதடி கயிறுதான். ஒவ்வொரு வார்த்தையும் அடுத்தவர் காதில் ஒருமுறை விழும், தேஷா திருப்பிச் சொல்லும்போது இன்னொருமுறை விழும். அதில் இருவருக்கும் ஓர் அற்ப சந்தோஷம். பச்சை முகத்து ஜெர்மன் அம்மாள் தேஷாவின் கையைத் தொட்டு, என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள். "காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பேசிக்கிறாங்க," என்று அவளுடைய மொழியில் சொன்னாள் தேஷா. அந்த அம்மாள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

"தேஷாம்மா, இன்னொண்ணு சொல்லு..."

தேஷாவுக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. பதினோரு வருஷமாக இதே வேலை. கிறிஸ்துமஸுக்கு மறைவாகத் தின்பண்டம் கடத்தியது அவள். சித்தப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, அப்பா ராத்திரியெல்லாம் தூங்காமல், "சும்மா கேட்டேன்... எப்படி இருக்கானாம்?" என்று கேட்டபோது பதில் கொண்டுவந்து சேர்த்ததும் அவள். பாசம் இல்லாமல் இருந்தால்கூட விட்டுத் தொலைக்கலாம். இருக்கிறதே, அதுதானே எரிச்சல்!

ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். இரண்டு படகுக்கும் கேட்டது.

"போதும். ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இனிமே ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நான் கடத்த மாட்டேன். எனக்குச் சனிக்கிழமை கல்யாணம். எனக்கு அப்பாவும் வேணும், சித்தப்பாவும் வேணும். உங்களுக்கு என்ன வேணும்? ஒரு குழி! போங்க, ரெண்டு பேரும் அதிலேயே ஒண்ணா விழுங்க!"

ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, பின்பக்கம் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வீம்பு என்ன, ஆண்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தா?

"தேஷா?" என்றார் ஸ்தியேபோ. அவள் திரும்பவில்லை. "தேஷாம்மா?" என்றது ஒலிபெருக்கி. அதற்கும் திரும்பவில்லை.

துறைமுகத்துக்குள் நுழைந்தபோதுதான் பாலோவுக்கு ஆபத்து புரிந்தது. எஞ்சின் செத்த படகுக்கு பிரேக் கிடையாது. முன்னால் இழுக்கிறவன் வேகத்தைக் குறைத்தால், பின்னால் வருவது அதே வேகத்தில் வந்து அவன் முதுகில் இடிக்கும். எப்போது குறைப்பது, எப்போது கயிற்றை விடுவது, யார் எந்தப் பக்கம் ஒதுங்குவது எல்லாம் பேசித்தான் செய்ய வேண்டும். கரையில் வேறு எவனோ கோடீஸ்வரனின் உல்லாசப் படகு, மூன்று மாடி, பளபளவென்று நேர் எதிரே நின்றது.

"கேப்டன், பேசுங்க," என்றார் பாலோ.

ஸ்தியேபோ சுக்கானை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அங்கே மாரோ திரும்பித் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"கேப்டன், சாமி சத்தியமா, எனக்கு நீச்சல் தெரியாது."

"முப்பது வருஷமாக் கடல்ல இருக்கே!"

"சமையல்தானே பண்றேன்!"

மாரோ வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டிய இடம் வந்தது. குறைத்தார். கயிறு தொய்ந்து தண்ணீரில் விழுந்தது. நீல யேலா நேராக வெள்ளை யேலாவின் முதுகைப் பார்த்து வந்தது. பயணிகள் கைப்பேசியை உயர்த்தினார்கள். தேஷா எழுந்து முன்னால் ஓடி வந்தாள். கை தானாக ஒலிவாங்கிக்குப் போனது. பிடித்தாள், ஆனால் பேசவில்லை. அவள் வாழ்நாளிலேயே அவ்வளவு கஷ்டமான காரியம் அதுதான்.

பத்தடி இருந்தது. பிறகு எட்டு.

"மாரோ! வலப்பக்கம் ஒதுங்குடா கழுதை!"

"அண்ணே! கயிறை விடுண்ணே!"

இரண்டும் ஒரே நொடியில் வெடித்தன. பாலோ கயிற்றை அவிழ்த்தார், வெள்ளை யேலா வலப்பக்கம் சரிந்தது, நீல யேலா பக்கவாட்டில் தொங்கும் டயர்கள் கிறீச்சிட அதன் விலாவை உரசிக்கொண்டு போய்க் கரையில் முட்டி நின்றது. கோடீஸ்வரனின் படகுக்கு இன்னும் ஒரு முழம் மிச்சம். எண்பது பயணிகள் கைதட்டினார்கள்.

அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றார்கள். மூச்சு வாங்கியது.

"நீங்கதான் முதல்ல பேசினீங்க," என்றார் மாரோ.

"நானா? நீதான்டா 'அண்ணே'ன்னு அலறினே! ஊரே கேட்டுச்சு!"

"'மாரோ'ன்னு கத்தினது யாரு, உங்க எஞ்சினா?"

"நீ கத்தினதுக்கு அப்புறம்தான் நான் கத்தினேன்! தோத்தவன் நீ!"

"தோத்தது நீங்க!"

ஒலிபெருக்கி உயிர்பெற்றது. தேஷாதான்.

"முதல்ல பேசினது யாரோ, அவர் கையைப் பிடிச்சுத்தான் சனிக்கிழமை நான் கோயிலுக்குள்ள போவேன். இன்னொருத்தர் வெளியில நிக்கட்டும்."

ஸ்தியேபோ மகளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். கணக்குப் போட அவருக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

"நான்தான்!" என்றார். "நான்தான் முதல்ல பேசினேன்!"

"அய்யோ, பொய்! பச்சைப் பொய்!" மாரோ குதித்தார். "இப்பத்தானே முதல்ல பேசினது நான்னு சொன்னீங்க! நான்தான் முதல்ல! நான் அவளுக்கு ஞானத்தந்தை!"

"நான் பெத்தவன்டா!"

"கத்தினது நான்!"

"'மாரோ'ன்னு உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்டா! பதினோரு வருஷம் கழிச்சு உன் பேரைச் சொன்னது நான்தான்! நாற்பத்து மூணு சாட்சி இருக்கு!"

"என் பக்கமும் சாட்சி இருக்கு! 'அண்ணே'ன்னேன்! முதல்ல 'அண்ணே'ன்னு சொன்னது நான்தான்!"

"அப்படியா? சனிக்கிழமை பத்து மணிக்குக் கோயிலுக்கு வா! உன் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வா! பாதிரியார் முன்னாடி, ஊர் முன்னாடி பாத்துக்கலாம் யார் முதல்லன்னு! வர்றியா?"

"வர்றேன்! பயமா எனக்கு? ஒன்பதரைக்கே வந்து நிப்பேன்!"

"நான் ஒன்பதுக்கே நிப்பேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் ஸ்தியேபோவுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. மாரோவுக்கும் உறைத்தது. பெண்ணின் அப்பன் வாயால், பெயர் சொல்லி, நேரம் சொல்லி, பெண்டாட்டியோடு அழைத்தாயிற்று. மாரோ மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ஸ்தியேபோவுக்குச் சுக்கானில் ஏதோ திடீரென்று சரிசெய்ய வேண்டியிருந்தது.

"சாப்பிடாம வா," என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

தேஷா ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டு அழுதாள். துறைமுகம் முழுக்கக் கேட்டது.