சாட்சிப் பக்கத்தில் ஒரு கதவு

1

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது. எங்கள் சபைப் பத்திரிகையில் மாதம் ஒரு சாட்சி, அதாவது ஆண்டவர் யாருக்கு என்ன செய்தார் என்ற கதை, எழுதுகிறவன் நான். இதழ் பத்து நாள் முன்னாடியே அச்சுக்குப் போயாக வேண்டும். சபையில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவரின் மகன் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தான். அவனைப் பற்றி டாக்டர் ஏதோ நம்பிக்கையாகச் சொன்னார் என்று கேள்விப்பட்டதும், "அக்காவின் மகன் எழுந்து நடந்தான்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கு விசுவாசம் என்று பெயர் வேறு வைத்துக்கொண்டேன். வெறும் அவசரம்தான்.

பத்திரிகை அச்சாகும் அச்சகத்தில் பிழை பார்த்து மெய்ப்புத் திருத்துகிறவரே அந்த அக்காதான். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்! பக்கம் நேராக அவர் மேசைக்குப் போயிருக்கிறது. வழக்கம்போல் ஒரு காற்புள்ளியைப் போட்ட பிறகுதான், நடந்தது யாருடைய மகன் என்று கவனித்திருக்கிறார்.

2

(மறுபடி தொடங்குகிறேன்.) பதினோரு மாதத்துக்கு முன்பு ஒரு சரக்கு வேன் அக்காவின் மகனை இடித்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அக்கா தனி ஆள்; அவனைத் தூக்கித் தூக்கி அவர் முதுகும் போயிற்று. ஒருநாள் அந்த வேன்காரரே வாசலில் வந்து நின்று, சனிக்கிழமைகளில் அவனைக் குளிக்கத் தூக்கிவிடட்டுமா என்று கேட்டார். அப்போது அக்காவின் உள்ளத்தில் மன்னிப்பு ஊற்றெடுத்து...

"யாரு தம்பி ஊத்தெடுத்துச்சுன்னு சொன்னது?" அக்கா பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். "அந்த ஆளப் பாத்தா இன்னிக்கும் வயிறு எரியுது. உள்ள விடுன்னு ஆண்டவர் சொன்னாரு, விட்டேன். சந்தோஷமா விடுன்னு சொல்லல. சொல்லியிருந்தா மாட்டிக்கிட்டிருப்பேன்."

சிரித்துவிட்டேன். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

3

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) மகன் நடக்கிறான். (நேற்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இனி நடக்கவே மாட்டானாம். அடித்தாயிற்று.)

ஆ) நடக்கவில்லை. ஆனாலும் அக்காவின் மனதில் பூரண சமாதானம்.

"சமாதானமா? நேத்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல உக்காந்து ஆண்டவரோட சண்ட போட்டேன். சொன்னபடியெல்லாம் கேட்டேனே, இதுதான் பதிலான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல." பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தார். "முன்ன சொன்னத மாத்தவும் இல்ல."

இதையும் அடித்தாயிற்று.

4

இன்று சனிக்கிழமை. அக்கா வீட்டில் சாப்பாட்டு மேசையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு மணிக்கு வேன்காரர் வருவார். முடிவுக்கென்று நாலு வரி இடம் விட்டிருக்கிறேன்.

"இன்னிக்குக் கதவத் திறப்பேனான்னு தெரியல தம்பி," என்கிறார் அக்கா.

உள்ளறையிலிருந்து மகன் கூப்பிடுகிறான். "அம்மா, தண்ணி சுட வெச்சாச்சா?"

அழைப்பு மணி அடிக்கிறது. அக்கா அசையவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளாமல் பாதி எழுந்துவிட்டேன்.

"நான் திறக்கட்டுமா அக்கா?"

"உக்காருங்க. உங்ககிட்டயா சொன்னாரு?"

உட்கார்ந்துவிட்டேன். மணி இரண்டாம் தடவை அடிக்கிறது. அக்கா பென்சிலை மேசையில் வைக்கிறார். நாற்காலியைப் பின்னால் தள்ளி, முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். வாசலுக்கு எட்டடி இருக்கும்.

அந்த நாலு வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. முன்கூட்டி எழுதி ஒரு தடவை பட்டது போதும். துணிச்சல் இருந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மெய்ப்புப் பார்ப்பது அக்காதான்.